மூன்று ஃபிரேம்

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். அந்த வேலைக்குத்தான் எனக்கு ஒன்பது வருஷமாகச் சம்பளம் தந்தார்கள்.

ஆரியசாலையில் வற்றல் மிளகாய் மொத்தக்கடை ஒன்றின் மாடியில் எங்கள் ஸ்டூடியோ. முதலாளி ராஜையன் சார். பாறசாலைக்காரர், எனக்கும் அதே ஊர்தான். என் அப்பாவோடு ஒரே சபையில் கீர்த்தனை பாடியவர். கல்யாண வீடியோ, நகைக்கடை விளம்பரம், அடுக்குமாடி வீடு விற்பவர்களின் விளம்பரம் எல்லாம் எங்களுக்கு வரும். படத்தின் மேல் எழுத்து பறந்து வருவது, காலி மனையில் கட்டடம் முளைப்பது, இதெல்லாம் என் கைவேலை. ஆனால் ஷிஜா என்றால் மாஸ்க் என்றுதான் ஊரில் பேர்.

பெரிய மந்திரம் ஒன்றுமில்லை. கம்ப்யூட்டரில் படங்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்குவோம், ஒவ்வொன்றும் ஒரு லேயர். மேல் லேயரில் வேண்டாத ஆளைச் சுற்றிப் புள்ளி புள்ளியாக வைத்து ஒரு கோடு போட்டால் அதற்குப் பேர் மாஸ்க். கோட்டுக்குள் இருப்பதைக் கழித்துவிடு என்றால் அந்த இடம் ஓட்டையாகிவிடும். ஓட்டை வழியாகக் கீழ் லேயர் தெரியும். அங்கே அதே சுவரின் ஆளில்லாத படத்தை வைத்துவிட்டால் தீர்ந்தது காரியம். ஓரத்தைக் கொஞ்சம் மங்கலாக்கினால் பெற்ற தாய்க்குக்கூடத் தெரியாது. ஒரே தொல்லை, ஆள் நகர்வான். நொடிக்கு இருபத்தைந்து ஃபிரேம். அவன் நகர நகரக் கோடும் கூடவே போக வேண்டும். சோம்பேறிகள் பத்து ஃபிரேமுக்கு ஒருமுறை நகர்த்திவிட்டு, நடுவில் உள்ளதைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும் என்று டீ குடிக்கப் போவார்கள். நான் ஒவ்வொரு ஃபிரேமாகப் போவேன். அதில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. கொஞ்சமென்ன, நிறையவே உண்டு.

வீடு விற்பவர்களுக்கு வீடு கட்டுகிறவர்களைக் கண்டால் ஆகாது. விளம்பரத்தில் கைலி தெரியக்கூடாது, சாரத்தில் காயும் துண்டு தெரியக்கூடாது, சிமெண்டுச் சட்டி தெரியக்கூடாது. மாசத்துக்கு நாற்பது ஐம்பது பேரையாவது நான் துடைத்துவிடுவேன். ஒருநாளும் பாவம் என்று தோன்றியதில்லை. சட்டையின் நிறம் சுவரின் நிறத்தோடு ஒத்துப்போனால் எரிச்சல் வரும், அவ்வளவுதான்.

அந்தத் திங்கட்கிழமை காலை நான் ரயிலிறங்கி வந்தபோது கீழே மிளகாய்க்கடை வாசலில் எல்லோரும் கூடி நின்றார்கள். காம்பு கிள்ளுகிற பொன்செல்வியின் புருஷன் முந்தின நாள் ஏதோ கட்டடத்திலிருந்து விழுந்து செத்துப்போனானாம். பொன்செல்வி தென்காசிப் பக்கத்துப் பெண், இருபத்தாறு வயசுதான் இருக்கும். பதினொரு மணி டீக்கு மாடிப்படியில் உட்கார்ந்து என்னோடு பேசுவாள். புருஷன் பேர் சுடலைக்கண்ணு, கம்பி கட்டுகிற வேலை என்று சொல்லியிருக்கிறாள். ஆளை நான் பார்த்ததில்லை. உடலை வாங்கிக்கொண்டு அவள் ஊருக்குப் போய்விட்டாள் என்றார்கள். மாலைக்குக் காசு பிரித்தார்கள், நானும் போட்டேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு மாடி ஏறினேன்.

மேலே ஸ்ரீகுமார் உட்கார்ந்திருந்தான். கழக்கூட்டம் பக்கம் பதினாறு மாடி கட்டுகிற கம்பெனியின் விளம்பர ஆள். கால் மேல் கால் போட்டு உட்காருகிறவன் அன்றைக்கு நாற்காலி நுனியில் இருந்தான்.

“சேச்சி, ஞாயிறாழ்ச்ச எடுத்த ட்ரோன் ஷாட்டாணு. ஒரு ஆளு அதில கேறி நிக்குன்னுண்டு. களயணும். இன்னு தன்னெ ரிலீஸ்” என்றான். குறுக்கே ஏறி நிற்கிற ஆளை எடுத்துவிட வேண்டும், இன்றைக்கே வெளியிட வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை சைட்டில் வேலை கிடையாது, ஆள் தொல்லை இருக்காது என்றுதான் அன்றைக்குப் படம் எடுத்தார்களாம். அப்படியும் ஒருத்தன் வந்து நின்றுவிட்டான். ஊரில் ஆயிரம் கட்டடம். கீழே கேட்ட செய்தியையும் இதையும் சேர்த்து முடிச்சுப் போட எனக்குத் தோன்றவில்லை. தோன்றியிருக்க வேண்டும். இப்போது சொல்லி என்ன செய்ய?

எங்கள் மெஷின் பழசு. ட்ரோன் ஃபைலைப் போட்டால் முக்கி முனகி நின்றுவிடும். அதனால் வந்த ஃபைலை லேசான ஃபைலாக மாற்றிக்கொண்டு மூலத்தை அழித்துவிடுவது எங்கள் வழக்கம். டிஸ்கில் இடம் வேண்டுமே. அன்றைக்கும் பத்து நாற்பதுக்கு மாற்றினேன், மூலத்தை அழித்தேன், வேலையில் உட்கார்ந்தேன்.

எட்டு நொடி, இருநூறு ஃபிரேம். ட்ரோன் பன்னிரண்டாம் மாடிக்கு நேரே அசையாமல் நிற்கிறது. முதலில் யாருமில்லை. பிறகு தூணுக்குப் பின்னாலிருந்து ஆரஞ்சுச் சட்டை போட்ட ஒருவன் வருகிறான். விளிம்பில் குந்துகிறான். கொக்கியால் கட்டுக்கம்பியை முறுக்குகிறான், இடது கையால். இடுப்பில் பெல்ட் இல்லை, கீழே வலை இல்லை. நானூறு மடங்கு பெரிதாக்கித்தான் மாஸ்க் போடுவேன். அவன் முதுகெலும்பு சட்டைக்குள் எப்படி வளைகிறது என்பதுகூட எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. முகம் மட்டும் வெயிலில் கறுத்துப்போய்த் துலங்கவில்லை. நூற்று அறுபத்தொன்றாம் ஃபிரேமில் அவன் நிமிர்ந்தான். கேமராவைப் பார்த்துக் கையைத் தூக்கி ஆட்டினான்.

“குனிஞ்சு வேலயப் பாக்கப்பிடாதாடே ஒனக்கு?” என்று வாய்விட்டே திட்டினேன். ஆடுகிற கைக்கு மாஸ்க் போடுவது கொடுமை. விரல் விரலாகப் புள்ளி வைக்க வேண்டும். சாயங்காலம் நாலு மணிக்கு ஓட்டிப் பார்த்தால் ஆள் போய்விட்டான். ஆனால் மூன்று ஃபிரேமில் விரல் நுனிகள் கோட்டுக்கு வெளியே நின்றன. வெறும் சுவரில் நாலு விரல்.

ராஜையன் சார் பின்னால் நின்று பார்த்தார். என்னை மக்களே என்றுதான் கூப்பிடுவார், பிள்ளையை அப்படிக் கூப்பிடுவது எங்கள் ஊர் வழக்கம். “விடு மக்களே. மூணு ஃபிரேமு. எவன் பாக்கப் போறான்?”

“நான் பாப்பேன் சார்” என்றேன்.

முக்கால் மணி நேரம் உட்கார்ந்து அந்த விரல்களையும் எடுத்தேன். ஆறு மணிக்கு விளம்பரம் வெளியே போனது.

பத்து நாள் கழித்து பொன்செல்வி மாடி ஏறி வந்தாள். அதுவரை அவள் எங்கள் அறைக்குள் வந்ததில்லை. ராஜையன் சார் பேங்குக்குப் போயிருந்தார். கதவுக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு நின்றாள்.

“எக்கா, அவிய ஞாயித்துக்கிழம மத்தியானம் போன் பண்ணுனாவ. ‘பறக்குற கேமரா வந்துச்சு, என்னய எடுத்துட்டுப் போயிருக்கு’ன்னாவ. மூணு மணிக்கு உழுந்துட்டாவ. அந்தக் கட்டடத்துப் படம் ஒங்ககிட்டதான் வருமா?”

“எந்தக் கட்டடம்?” என்று கேட்டேன். சொன்னாள்.

“லீவு நாள்ல கம்பி களவாங்க ஏறுனாவளாம். அப்படி எழுதி வச்சிருக்காவ ஸ்டேசன்ல. மேஸ்திரி கூப்ட்டுத்தாம்க்கா போனாவ. இப்ப மேஸ்திரி போன எடுக்க மாட்டுக்காரு. எனக்குத் துட்டு ஒண்ணும் வேண்டாம். களவாணின்னு எழுதுனத மாத்தணும். எழவு கேக்க வந்தவன்லாம் அதத்தாங்கா மொதல்ல கேக்கான்.”

கம்ப்யூட்டரில் அந்த வேலையைத் திறந்தேன். திரையில் பன்னிரண்டாம் மாடி, வெறும் விளிம்பு. மாஸ்க்கை அழிக்காத வரைக்கும், அதை அணைத்தால் மறைத்தது திரும்ப வந்துவிடும். இது தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. அணைத்தேன்.

ஆரஞ்சுச் சட்டை தூணுக்குப் பின்னாலிருந்து வந்தது.

“பீச்சாங்கைதான்” என்றாள் பொன்செல்வி. “அவியதான்.” அப்புறம் அவன் நிமிர்ந்து கையை ஆட்டினான். பொன்செல்வி சிரித்தாள். புருஷன் செத்து பதினோரு நாளான பெண் சிரிப்பாள் என்று நான் நினைக்கவில்லை, எனக்குப் பயமாக இருந்தது. “இன்னொருக்கா போடுங்கக்கா” என்றாள். ஆறு தடவை போட்டேன். ஆறு தடவையும் அந்த இடத்தில் சிரித்துவிட்டு, கடைசித் தடவை அழுதாள்.

கம்பி திருட வந்தவன் கம்பியை விளிம்பில் குந்திக் கட்டிக்கொண்டிருப்பானா? இதைவிட என்ன சாட்சி வேண்டும்? கைப்புண்ணுக்குக் கண்ணாடியா என்று நினைத்தேன். “அழாத, நான் வாறேன் ஒன்கூட” என்றேன்.

ராஜையன் சார் திரும்பி வந்து விஷயத்தைக் கேட்டதும் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டார். அவர் கெட்டவர் இல்லை, பயந்தவர்.

“மக்களே, அந்தக் கம்பெனிதான் நமக்குச் சோறு. ஒனக்கும் எனக்கும். அத அழிச்சுப்போடு. நாம ஒண்ணும் கண்டதுமில்ல, கேட்டதுமில்ல.”

“நான் கண்டாச்சு சார்.”

“நான் சொன்னா கேக்கணும் நீ. ஒனக்க அப்பன் இருந்தா இதத்தான் சொல்லியிருப்பான்.”

அப்பாவை இழுத்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை. “எனக்க அப்பா களவாணிப் பேரோட ஒருத்தனைப் புதைக்க விட்டிருக்கமாட்டாரு” என்று சொல்லிவிட்டு, ஃபைலைப் பென் டிரைவில் ஏற்றி எடுத்துக்கொண்டு இறங்கினேன். நாளையிலிருந்து வர வேண்டாம் என்று அவர் சொன்னது படியில் இறங்கும்போது கேட்டது.

ஸ்டேஷனில் எஸ்.ஐ. மரியாதையாகத்தான் பேசினார். நாற்காலி போடச் சொன்னார். படத்தைத் தன் கம்ப்யூட்டரில் இரண்டு முறை ஓட்டிப் பார்த்தார். பிறகு ஃபைலின் மேல் கிளிக் செய்து எதையோ வாசித்தார்.

“ஆளு எந்நா மரிச்சது?”

“ஞாயிற்றுக்கிழமை, மூணு மணிக்கு” என்றேன்.

“ஈ ஃபைல் உண்டாக்கியது திங்களாழ்ச்ச, பத்து நால்பதுக்கு. மரிச்ச ஆளு பிற்றேந்நு வந்நு கம்பி கெட்டியோ?”

செத்தவன் மறுநாள் வந்து கம்பி கட்டினானா என்கிறார். அது நான் ஃபைலை மாற்றிய நேரம். லேசாக்கிய ஃபைலில் ட்ரோன் எழுதின தேதியும் இல்லை, இடமும் இல்லை. நான் எழுதின தேதிதான் இருந்தது. விளக்கினேன். பழைய மெஷின், டிஸ்கில் இடம், எங்கள் வழக்கம் என்று சொல்லச் சொல்ல, திருடனுக்கு வக்காலத்து வாங்குகிறவளின் பேச்சு மாதிரி எனக்கே கேட்டது. ட்ரோன் ஓட்டின பிரஜினுக்கு அங்கிருந்தே போன் போட்டேன். கார்டை அன்றைக்கே ஃபார்மேட் அடித்துவிட்டு மறுநாள் ஒரு கல்யாணத்துக்குக் கொண்டுபோய்விட்டானாம்.

எஸ்.ஐ. கம்பெனி வெளியிட்ட விளம்பரத்தையும் போனில் எடுத்துப் பார்த்தார். அதில் ஆள் இல்லை. “சேச்சிதன்னெ ஆளெ மாய்ச்சது என்னல்லே பறயுன்னது?” என்றார். “மாய்க்கான் அறியுன்ன ஆளுக்கு வரய்க்கானும் அறியுமல்லோ.” ஆளை அழித்ததே நான்தான் என்றால், அழிக்கத் தெரிந்தவளுக்கு வரையவும் தெரியும் என்கிறார். அவர் இடத்தில் நானிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். கம்பெனியே வெளியிட்டதில் அந்த ஆள் எங்கேயாவது, ஒரு துண்டாவது தெரிந்தால் கொண்டுவா, அப்போது ஃபைலைத் திரும்பத் திறக்கிறேன் என்றார். என் வாக்குமூலத்தை எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார். அது அந்தக் கட்டில் ஒரு தாளாகப் போய்ச் சேர்ந்தது.

வெளியே வந்ததும் பொன்செல்வி, “எக்கா, ஒரு துண்டாவது இருக்கும்லா?” என்று கேட்டாள். “பாக்கேன்” என்றேன். அப்போதே எனக்குத் தெரியும். ஒரு துண்டும் இருக்காது.

வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அந்த விளம்பரத்தை லேப்டாப்பில் இறக்கினேன். அந்த ஷாட்டுக்கு இருநூறு ஃபிரேம். ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக என் வேலையில் பிழை இருக்கவேண்டுமே என்று ஜெபித்தேன். சத்தியமாக ஜெபித்தேன். எண்ணூறு மடங்கு பெரிதாக்கினேன். வெளிச்சத்தைக் கூட்டினேன், குறைத்தேன். தூண் ஓரத்தில் ஆரஞ்சு நிறம் ஒரு புள்ளி ஒட்டியிருக்காதா? விளிம்பில் கைலியின் ஒரு நூல்? நூற்று அறுபத்தெட்டு, நூற்று அறுபத்தொன்பது, நூற்று எழுபது. அந்த மூன்று ஃபிரேமையும் முன்னும் பின்னுமாக நகர்த்திப் பார்த்தேன். வெறும் சுவர். சிமெண்டுப் பூச்சின் சொரசொரப்புகூடச் சரியாகப் பொருந்தி உட்கார்ந்திருந்தது. எவன் பாக்கப் போறான் என்று அவர் சொன்னபோது எழுந்து வீட்டுக்குப் போயிருந்தால் போதும். நாலு விரல் அங்கே நின்றிருக்கும். கம்பெனியே ஊருக்குக் காட்டிய நாலு விரல்.

இரண்டு நாள் பொன்செல்வி போன் செய்தாள். நான் எடுக்கவில்லை. போனை எடுக்காத மேஸ்திரியை மனசுக்குள் திட்டினவள்தானே நான்.

மூன்றாம் நாள் என் ஹெட்போனையும் சோற்றுப் பாத்திரத்தையும் எடுத்துக்கொள்ள ஆரியசாலைக்குப் போனேன். ராஜையன் சார் தலையைத் தூக்கவில்லை. என் இடத்தில் இன்னொருத்தி உட்கார்ந்திருந்தாள், நல்ல வேகமாகப் பத்து ஃபிரேமுக்கு ஒருமுறை நகர்த்திக்கொண்டிருந்தாள். திட்ட வாய் வந்தது, அடக்கிக்கொண்டு இறங்கினேன்.

பொன்செல்வி குவியலின் முன்னால் உட்கார்ந்து காம்பு கிள்ளிக்கொண்டிருந்தாள். மூக்கில் துண்டைக் கட்டியிருந்தாள். நான் பக்கத்தில் குந்தினேன். நெடியில் கண் எரிந்தது, அழுவதற்கு அது வசதியாகவும் இருந்தது.

“ஒண்ணுமில்ல பொன்செல்வி. ஒரு துண்டும் இல்ல.”

அவள் தலையை ஆட்டினாள். எதிர்பார்த்தவள் மாதிரிதான் இருந்தாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் பாதி சொல்லிவிட்டு எழுந்து போனால் நான் எப்படித் தூங்குவேன்?

“மொதல்ல இருந்துது. மூணு ஃபிரேம்ல அவருக்க விரலு வெளிய நின்னுது. சார் விடச் சொன்னாரு. நான்தான் விடாம இருந்து அதையும் எடுத்தேன். வேல சுத்தமா இருக்கணும்னு.”

கிள்ளுகிற கை நின்றது. பிறகு மறுபடி ஓடியது.

“கைய ஆட்டச் சொன்னது நாந்தாங்கா” என்றாள். “போன மாசம் நீங்க சொன்னியல்லா, அந்தக் கம்பெனிப் படம்லாம் ஒங்ககிட்டதான் வரும்னு. நான் அவியகிட்ட சொல்லி வச்சேன், ‘மாடில ஒரு அக்கா இருக்கு, நம்ம ஆளு. பறக்குறது வந்தா அதப் பாத்துக் கைய ஆட்டு. அக்கா நிப்பாட்டி எனக்குக் காட்டும்’னு. வெளையாட்டுக்குத்தாங்கா சொன்னேன். அவிய ஆட்டிருக்காவ.”

அவன் கேமராவுக்குக் கை காட்டவில்லை. எனக்குக் காட்டியிருக்கிறான். நான் அவனைத் திட்டியிருக்கிறேன்.

அவள் மூக்குத் துண்டைக் கீழே இறக்கினாள். என் முகத்தை நேராகப் பார்த்தாள். கோபமில்லை அதில், தெரிந்துகொள்ள வேண்டும் என்பது மட்டும்தான் இருந்தது.

“எக்கா, ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. அழிக்கதுக்கு முன்ன அவிய கைய ஆட்டுனத நீங்க பாத்தியளா? இல்ல பாக்காமலே அழிச்சிட்டியளா?”

பார்க்கவில்லை என்று சொன்னால் அவளுக்கு ஆறுதலாக இருக்குமா, பார்த்தேன் என்று சொன்னால் ஆறுதலாக இருக்குமா என்று எனக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு விரலாகப் பார்த்தவள் நான்.

“பாத்தேன்” என்றேன். “பாத்துட்டுத்தான் அழிச்சேன்.”

அவள் துண்டை மேலே ஏற்றிக் கட்டிக்கொண்டு அடுத்த மிளகாயை எடுத்தாள்.